வக்காக்கள் கூடு கட்டியுள்ள மரக்கிளைகளை வெட்டலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

ஏரிக்கரைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னையின் தென்புறநகரில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, 42 வீடுகள் கொண்ட அடுக்ககம் ஒன்றில் வசிக்கிறேன். இந்த ஆண்டு குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. எங்கள் வண்டி நிறுத்துமிடத்தின் மேல் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று குடை விரித்து நிற்கிறது. மரத்தின் அடி எங்கள் சுற்றுச்சுவருக்குள் இருக்கிறது. கிளைகளில் பாதி தெருவின் மேல் நீண்டிருக்கிறது.

கார்த்திகை மழை ஓய்ந்ததிலிருந்து இந்த மரத்தில் வக்காக்கள் (இரவில் இரைதேடும் கொக்கு வகை) கூடு கட்டத் தொடங்கின. நேற்று காலை மொட்டைமாடியில் நின்று எண்ணியபோது 19 கூடுகள் தெரிந்தன. சிலவற்றில் பறவை அடைகாத்துக்கொண்டிருக்கிறது. குறைந்தது ஐந்தில் குஞ்சுகள் தலை நீட்டுகின்றன. கீழே நிற்கும் கார்களின் கூரையில் சுண்ணாம்பு அடித்தது போல் எச்சம் படிகிறது. அதைவிடக் கொடுமை நாற்றம். போன வாரம் ஒருவர் வண்டியின் முன்கண்ணாடியில் பாதி செரித்த ஜிலேபிக் கெண்டை ஒன்று கிடந்தது. இரவெல்லாம் ‘வக், வக்’ என்று கூப்பாடு வேறு.

சென்ற ஞாயிற்றுக்கிழமை கூடிய பொதுக்குழு, மரத்தை முழுதாக வெட்டாமல் கிளைகளை மட்டும் கழித்துவிடுவது என்று பெரும்பான்மையில் முடிவு செய்தது. ஒப்பந்ததாரருக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. “உங்கள் இடத்து மரம், யாரையும் கேட்க வேண்டியதில்லை, காக்காய்க் கூட்டைப் பிரித்துப் போடுவதற்கெல்லாம் யாராவது அனுமதி வாங்குவார்களா?” என்கிறார் அவர். ஆனால் தீர்மானத்தில் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். பறவைக் கூடுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருப்பதாக எங்கோ படித்த நினைவு இருக்கிறது. அது சரணாலயங்களுக்கு மட்டும் உரியதா, தனியார் வளாகத்து மரத்துக்கும் பொருந்துமா, கிளை கழிக்க விரும்பினால் யாரிடம் கேட்க வேண்டும் என்பவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். அடுத்த ஞாயிறு வேலை தொடங்குவதாக இருக்கிறது.

கூடுநோக்கி எழுதியது:

ஐயா, முதலில் ஞாயிற்றுக்கிழமை வேலையை நிறுத்தி வையுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டிப் பார்ப்பவர்கள் ‘கூடுகளைப் பாதுகாத்தல்’ என்ற தலைப்பில் ஒரு பிரிவைத் தேடிவிட்டு, காணவில்லை என்று மூடிவைத்துவிடுகிறார்கள். கூடு பற்றிய பேச்சு அங்கே இல்லை; வரையறைகள் அடங்கிய 2ஆம் பிரிவில் இருக்கிறது. அதன் 16ஆம் உட்பிரிவு ‘வேட்டை’ என்ற சொல்லுக்குப் பொருள் கூறும்போது, கொல்வது, நஞ்சு வைப்பது, கண்ணியில் பிடிப்பது, விரட்டுவது ஆகியவற்றோடு நிற்காமல், காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும், அவற்றின் முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதையும் வேட்டை என்றே கணக்கில் கொள்கிறது. முயற்சி செய்வதைப் பற்றியும் அதே வரையறை பேசுகிறது. ஆகவே துப்பாக்கியைக் கையால் தொடாத ஒருவர், அரிவாளோடு மரத்தில் ஏறிக் கூடுள்ள கிளையைத் தறித்தால், சட்டத்தின் கண்ணில் அவர் வேட்டைக்காரர். இதை நான் சொல்லும்போது பலரும் சிரிக்கிறார்கள். ஆனால் 9ஆம் பிரிவு விதிக்கும் வேட்டைத் தடை இந்த வரையறையைக் கொண்டே இயங்குகிறது.

அடுத்து, சரணாலயம் பற்றிய ஐயம். சட்டத்தில் ‘காட்டு விலங்கு’ என்பது காட்டில் வாழும் விலங்கு என்ற பொருளில் வரவில்லை. சட்டத்தின் இறுதியில் உள்ள, பாதுகாக்கப்படும் உயிர்களின் பட்டியலான அட்டவணையில் இடம்பெற்று, இயற்கையில் தானாகத் திரியும் உயிர் எதுவாயினும் அது காட்டு விலங்குதான். பறவையும் இதில் அடங்கும். அது வேடந்தாங்கல் ஏரியில் இருக்கிறதா, தங்கள் கார் நிறுத்துமிடத்தில் இருக்கிறதா என்று சட்டம் கேட்பதில்லை. மரம் யாருக்குச் சொந்தம் என்பதும் இதில் விடையை மாற்றாது. மரம் தங்களுடையது, அதிலுள்ள கூடு தங்களுடையது அன்று.

வக்கா, கொக்கு வகையைச் சேர்ந்தது. பழைய சட்டத்தில் கொக்கு வகைகள் அனைத்தும் நான்காம் அட்டவணையில் இருந்தன. 2022ஆம் ஆண்டுத் திருத்தம், அதுவரை ஆறாக இருந்த அட்டவணைகளை நான்காகக் குறைத்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது முதல் இரண்டு அட்டவணைகளே விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உரியவை. வக்கா இரண்டாவதில் வருகிறது. தண்டனை 51ஆம் பிரிவில் இருக்கிறது: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். திருத்தத்துக்கு முன் அபராத உச்சம் 25,000 ரூபாயாக இருந்தது. மயில் போன்ற முதல் அட்டவணைப் பறவை என்றால் கதையே வேறு. அங்கே குறைந்தபட்சமே மூன்று ஆண்டு, உச்சம் ஏழு. மேலும், குற்றத்துக்குப் பயன்பட்டதாகக் கைப்பற்றப்படும் கருவியும் வண்டியும் 39ஆம் பிரிவின்படி அரசின் சொத்தாகிவிடும். தங்கள் ஒப்பந்ததாரரிடம் மற்ற எதையும்விட இந்த ஒன்றைச் சொல்லுங்கள். மரம் அறுக்கும் இயந்திரத்தின் விலை அவருக்குத் தெரியும்.

காக்காய்க் கூடு என்று அவர் எடுத்துக்காட்டியதும் இன்று செல்லாத உவமை. பழைய ஐந்தாம் அட்டவணையில் எலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு காக்கையும் ‘தொல்லை தரும் உயிர்’ என்று வைக்கப்பட்டிருந்தது உண்மைதான். 2022 திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கிவிட்டது. இனி ஓர் உயிரைத் தொல்லை தருவதாகக் கருத வேண்டுமானால், 62ஆம் பிரிவின் கீழ் மத்திய அரசு இன்ன பகுதிக்கு, இன்ன காலத்துக்கு என்று அறிவிக்கை வெளியிட வேண்டும். பழக்கத்தால் வந்த துணிச்சலைச் சட்டம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

தரைத்தளம்_4 எழுதியது:

மேலே எழுதிய நண்பரின் சட்ட அறிவை மதிக்கிறேன். ஆனால் நான் வசிக்கும் தெருவிலும் இதே நிலைதான் என்பதால் மறுபக்கத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். என் பேத்திக்கு ஆறு வயது, மூச்சிரைப்பு உண்டு. மரத்தை ஒட்டிய படுக்கையறைச் சன்னலை நாங்கள் மூன்று மாதமாகத் திறக்கவில்லை. உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனால் இது வனத்துறை விவகாரம் என்கிறார்கள். வனத்துறைக்குத் தொலைபேசியில் அழைத்தால் நகருக்குள் இருக்கும் மரம் உள்ளாட்சியைச் சேர்ந்தது என்கிறார்கள்.

வேடந்தாங்கல் மக்கள் பல தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்து வருவதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். 1798இல் ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸிடம் அவர்கள் அந்த உரிமையை எழுத்தில் வாங்கியதாகவும் சொல்லப்படுகிறது. நல்லது. ஆனால் அங்கே எச்சம் ஏரியில் விழுகிறது, ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது, எச்சமே உரமாகிறது. பறவையால் விளைச்சல் கூடியவன் பறவையைக் காத்தான். எங்களுக்கு எச்சம் விழுவது சிமென்ட் தரையில். இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமல் சட்டப்பிரிவுகளை மட்டும் அடுக்கினால், ஜனங்கள் யாருக்கும் தெரியாமல் இரவோடு இரவாக வெட்டத்தான் செய்வார்கள். எங்கள் பக்கத்துத் தெருவில் அதுதான் நடந்தது.

பழைய_வனக்காவலர் எழுதியது:

நான் வனத்துறையில் களப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். தரைத்தளத்து நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அலைக்கழிப்பு பற்றிய பகுதியை என்னால் மறுக்க முடியாது. ஆனால் இந்தச் சிக்கலில் இரு தரப்பும் பார்க்கத் தவறும் ஒன்று நாட்காட்டி.

வக்கா முட்டையிட்டு அடைகாப்பது ஏறத்தாழ மூன்று வாரம். குஞ்சு பொரிந்து மூன்று, நான்கு வாரத்தில் கூட்டை விட்டு வெளியே வந்து கிளைகளில் தத்தித் திரியும். நன்றாகப் பறக்க ஆறு, ஏழு வாரம் ஆகும். ஏரிக்கரைவாசி சொல்லும் மரத்தில் ஏற்கெனவே சில கூடுகளில் குஞ்சுகள் இருப்பதால், கடைசியாக முட்டையிட்ட இணையையும் சேர்த்துக் கணக்கிட்டால், இன்னும் இரண்டரை மாதத்துக்குள் மரம் பெரும்பாலும் காலியாகிவிடும். அதன்பின் கிளை கழித்தால் ஓர் உயிரும் போகாது. அடுத்த பருவத்தில் வண்டிகளுக்கு நேர் மேலே கூடு கட்டுவதற்கான கவட்டைகளும் இருக்காது. இப்போதே வெட்டினால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊரின் பெயர் வேண்டாம். மின்கம்பியில் உரசுகிறது என்று ஒரு புளியமரத்தின் கிளையை இறக்கினார்கள். போய்ச் சேர்ந்தபோது சாலையில் நீலப்பச்சை முட்டை ஓடுகளும், முள் முள்ளாகச் சிலிர்த்த ரோமத்தோடு உயிருள்ளவையும் இல்லாதவையுமாக நாற்பதுக்கு மேற்பட்ட குஞ்சுகளும் கிடந்தன. பயத்தில் இரையை எல்லாம் கக்கி வைத்திருந்தன. கிளையை அறுத்த இளைஞர் ஓரமாக உட்கார்ந்து, இத்தனை இருக்கும் என்று தெரியாது ஐயா என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. கீழேயிருந்து பார்த்தால் பாதிக் கூடுகள் தெரியாது. ஏரிக்கரைவாசியின் 19 என்ற கணக்கும் குறைவாகவே இருக்கும்.

2022இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் தேசிய நெடுஞ்சாலை 66ஐ அகலப்படுத்தியபோது கூடுகள் நிறைந்த மரம் ஒன்றைச் சாய்த்த காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மரம் விழுந்ததும் தாய்ப்பறவைகள் எழும்புவதும் குஞ்சுகள் சிதறுவதும் அதில் தெரிந்தன. அங்கே மரம் வெட்டுவதற்கான அனுமதி என்ற காகிதம் ஒரு பக்கம் பேசப்பட்டது. வனத்துறை வழக்குப் பதிவு செய்தது மறுபக்கம் நடந்தது. மரம் வெட்டும் அனுமதியும் கூட்டைக் கலைக்கும் அனுமதியும் ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான சம்பவம் கிடைக்காது. தமிழ்நாட்டில் அரசு நிலத்திலும் பொது இடத்திலும் உள்ள மரங்களுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழு இருக்கிறது. அந்தக் குழு மரத்தைப் பற்றித்தான் முடிவெடுக்கும். கூடு இருந்தால் அது வன உயிரினச் சட்டத்தின் பாற்பட்டது. அங்கே விலக்கு அளிக்கும் அதிகாரம் 11ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளருக்கோ அவர் அதிகாரமளித்த அலுவலருக்கோ உரியது. இரண்டாம் அட்டவணை உயிர் மனித உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்தானதாக ஆகிவிட்டால் எழுத்து மூலம், காரணம் காட்டி அனுமதிக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. கார் வண்ணம் கெடுவதை உடைமைக்கு ஆபத்து என்று எந்த அலுவலரும் எழுதித் தரமாட்டார் என்பது என் அனுபவம். முறிந்து தொங்கும் கிளை என்றால் நிலைமை வேறு; அதைப் படம் எடுத்து அனுப்பினால் ஆளை அனுப்பிப் பார்ப்பார்கள்.

ஆகவே செயலாளர் செய்ய வேண்டியது இதுதான். வனச்சரக அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம், பதிவுத் தபாலில். அதில் ‘அனுமதி தருக’ என்று எழுதாமல், ‘இத்தனை கூடுகள் உள்ளன, பருவம் முடிந்தபின் கிளை கழிக்க விரும்புகிறோம், வந்து பார்வையிட்டுத் தேதி சொல்லுங்கள்’ என்று எழுதுங்கள். முதல் வகைக் கடிதம் மேசையில் தங்கிவிடும்; இரண்டாம் வகைக்கு ஒரு வனவரை அனுப்புவது எளிது. அதுவரை வண்டிகளின் மேல் தார்ப்பாய் கட்டுங்கள். மரத்துக்குக் கீழே வலை மட்டும் வேண்டாம்; குஞ்சின் கால் சிக்கிக்கொள்ளும். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி பறக்கும், மூச்சிரைப்பு உள்ள குழந்தைக்கு அதுதான் கெடுதி. நிறையத் தண்ணீர் தெளித்து ஊறவைத்துக் கழுவ வேண்டும். விழுந்த குஞ்சை வீட்டில் வளர்க்க எடுத்துச் செல்லவும் கூடாது. அது அரசின் சொத்து. கிடைத்த 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிடமோ தெரிவிக்க வேண்டும் என்று 39ஆம் பிரிவு சொல்கிறது.

தேம்ஸ்கரை எழுதியது:

லண்டனில் கட்டடப் பராமரிப்புத் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் ஒரு சிறு ஒப்பீடு. இங்கே 1981ஆம் ஆண்டுச் சட்டம், காட்டுப் பறவையின் கூட்டை அது ‘பயன்பாட்டில் இருக்கும்போதோ கட்டப்பட்டு வரும்போதோ’ வேண்டுமென்றே அழிப்பதைக் குற்றமாக்குகிறது. பொன்னிறக் கழுகு, வெள்ளைவால் கழுகு, விராலடிப்பான் ஆகிய மூன்றுக்கு மட்டும் கூடு காலியாக இருந்தாலும் பாதுகாப்பு உண்டு. இதனால் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வேலியோ மரமோ வெட்டுவதற்கு முன் ஒருவர் வந்து கூடு இருக்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுப்பது எங்கள் தொழிலில் வழக்கமாகிவிட்டது. இதிலும் தில்லுமுல்லு உண்டு. பறவை வந்து கூடு கட்டிவிடக் கூடாது என்று கட்டுமான நிறுவனங்கள் முன்கூட்டியே வேலிகளை வலையால் மூடிவிட, 2019இல் அதற்கு எதிராகப் பெரிய எதிர்ப்பு கிளம்பியது.

கூடுநோக்கி எடுத்துக்காட்டிய இந்திய வரையறையில் ‘பயன்பாட்டில் இருக்கும்போது’ என்ற நிபந்தனை இல்லை. அப்படியானால் காலிக் கூட்டை அகற்றுவதும் குற்றமாகுமா?

கூடுநோக்கி எழுதியது:

நல்ல கேள்வி. சட்ட வாசகத்தை எழுத்துக்கு எழுத்து படித்தால், காலிக் கூட்டுக்கும் முட்டையுள்ள கூட்டுக்கும் அது வேறுபாடு காட்டவில்லை. தூக்கணாங்குருவிக் கூட்டை அலங்காரத்துக்கு அறுத்து விற்பவர்கள், காலியாகத்தான் இருந்தது என்று சொல்லித் தப்பிக்க முயல்வதால் அந்த அகன்ற வாசகம் அங்கே பயன்படுகிறது. ஆனால் நடைமுறையில் களத்துக்கு வரும் அலுவலர் முதலில் கேட்பது முட்டையோ குஞ்சோ இருக்கிறதா என்பதைத்தான். எனவேதான் பருவம் முடிந்தபின்னும் வனத்துறையின் எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள் என்கிறேன்.

ஒன்று நினைவுக்கு வருகிறது. 1887ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள் பாதுகாப்புச் சட்டம், இனப்பெருக்கக் காலத்தில் பிடித்த பறவைகளை வைத்திருப்பதையும் விற்பதையும் தடுக்கும் விதிகளை நகராட்சிகளும் இராணுவக் குடியிருப்பு வாரியங்களும் இயற்றிக்கொள்ள இடம் கொடுத்தது. முட்டை, கூடு பற்றி அது கவலைப்படவில்லை என்றாலும், பருவம் என்ற எண்ணமும் உள்ளூர் அமைப்பின் பொறுப்பும் அதில் இருந்தன. இன்றைய சட்டம் அதைவிடப் பன்மடங்கு வலிமையானது; ஆனால் எந்த மாதங்களில் கிளை வெட்டக் கூடாது என்று நகராட்சியின் பூங்காப் பிரிவுக்கும் மின்வாரிய ஊழியருக்கும் சொல்லும் ஒரு பக்க உள்ளூர் விதி இருந்திருந்தால், தரைத்தளத்து நண்பர் இரண்டு அலுவலகங்களுக்கு இடையே பந்தாக உருண்டிருக்கமாட்டார்.

புகார் செய்ய விரும்பும் பொதுமக்களுக்காக இன்னொன்று. பக்கத்துத் தெருவில் நடந்தது போன்றவற்றில் வனத்துறை நடவடிக்கை எடுக்காவிட்டால், 55ஆம் பிரிவின்படி குறைந்தது 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நீதிமன்றத்தில் நேரடியாக முறையிடலாம். படமும் தேதியும் இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தது தெரியும்படியான படம் வேண்டும்.

ஏரிக்கரைவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவசரக் கூட்டம் போட்டேன். சட்டப்பிரிவுகளை வாசித்தபோது யாரும் அசையவில்லை. அறுக்கும் இயந்திரமும் லாரியும் அரசுக்குப் போய்விடும் என்றதும், பின்வரிசையில் நின்றிருந்த ஒப்பந்ததாரர்தான் முதலில் பேசினார்: “சார், நான் வரலை.” சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கின் சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டதற்காக, 2020ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில் ஊரே ஏறத்தாழ 35 நாள் தெருவிளக்கு போடாமல் இருந்த செய்தியை எங்கள் பொருளாளர் நினைவூட்டினார். அது இருட்டு, இது நாற்றம் என்று ஒருவர் பதில் சொன்னார். கடைசியில் ஏழு வாக்கு வித்தியாசத்தில் வேலையைத் தள்ளிவைத்தோம்.

பழைய வனக்காவலர் சொன்ன வாசகத்திலேயே கடிதம் எழுதினேன். பதினோராம் நாள் வனவர் ஒருவர் வந்தார். மாடிக்கு அழைத்துச் சென்று காட்டியபோது அவர் எண்ணிக்கை 31. இடையில் மடையான் கூடுகள் நான்கும் இருந்தன; எனக்கு அவை கண்ணிலேயே படவில்லை. மார்ச் கடைசியில் மீண்டும் வந்து பார்ப்பதாகவும், மரம் காலியாக இருந்தால் வண்டிகளின் மேலுள்ள கிளைகளை மட்டும் கழிக்க எழுதித் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். தெருப்பக்கக் கிளைகளுக்குத் தனியாக உள்ளாட்சியிடம் கேட்க வேண்டுமாம். ஒப்பந்ததாரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஏப்ரல் முதல் வாரத்துக்குத் தேதி குறித்துக்கொண்டு போய்விட்டார்.

குஞ்சுகள் இரண்டு கீழே விழுந்தன. ஒன்று பிழைக்கவில்லை. மற்றதைக் காவலாளி ஏணி வைத்துக் கைக்கெட்டிய கிளையில் ஏற்றிவிட்டார். அவர் விரலைக் கொத்தி, சட்டையில் மீனைக் கக்கிவிட்டு, அது மேலே தத்திப் போய்விட்டது. மறுநாள் கிண்டியில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் இரண்டைப் பற்றியும் தெரிவித்துவிட்டேன்.

தார்ப்பாய் கட்டியும் மூன்றாம் தளத்துப் பெரியவரின் கோபம் தணியவில்லை. கிளை கழிக்கும் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவர்தான். அவருடைய காரை எனக்குரிய இடத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். மரத்தடியில் இப்போது நிற்பது என் ஸ்கூட்டர்.